வெண்படிகத்தைத் தேடியவர்

பேராக் மாநிலத்தின் தலைநகரான ஈப்போவிலும் அதனைச் சுற்றியுள்ள ஊர்களிலும் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குகள் காலையிலேயே பரபரப்பாகிவிடும். வரிசை எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு முதியோர் பலர் காத்திருப்பர். அவர்களுள் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் சீவியவர்களும் உண்டு. விடியுமுன் எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குச் சென்றவர்கள் அவர்கள். தோட்டங்கள் செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிய பிறகு, பட்டணத்தை ஒட்டிக் குடியேறினார்கள்.

அவர்களைக் கிளினிக்குக்கு வரவழைக்கும் நோய்களுள் முதன்மையானது நீரிழிவு. நம் பெரியவர்கள் அதனை இனிப்புநீர் என்பர். 2019ஆம் ஆண்டில் மலேசியாவில் நடத்தப்பட்ட தேசிய சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களுள் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு இந்நோய் இருந்தது. இந்தியரிடையே அது பத்தில் மூவர் என்னும் அளவுக்கு உயர்ந்திருந்தது. இவர்களுள் மிகப் பெரும்பாலோருக்கு இருப்பது இரண்டாம் வகை நீரிழிவு ஆகும்.

இவர்களில் சிலருடைய மருந்துப் பையில் இன்னொரு சிறு மாத்திரையும் இருக்கும். நீரிழிவு மாத்திரையைச் சாப்பாட்டோடு உண்ணச் சொல்லும் மருந்தாளர், இதை மட்டும் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீருடன் விழுங்குமாறு கூறுவார். அதுதான் தைராக்சின் மாத்திரை. அதிலுள்ள மருந்தின் அளவை மில்லிகிராமில் கூடச் சொல்வதில்லை, மைக்ரோகிராமில் சொல்வார்கள். ஒரு கிராமைப் பத்து இலட்சம் பங்காக்கினால் கிடைக்கும் ஒரு பங்கே ஒரு மைக்ரோகிராம். நாளொன்றுக்கு 50 அல்லது 100 மைக்ரோகிராம் மருந்து, சோர்ந்து கிடக்கும் உடலை எழுந்து நடமாடச் செய்கிறது.

இம்மருந்துப் பொருளை முதன்முதலில் தூய படிகமாகப் பிரித்தெடுத்தவர் எட்வர்டு கால்வின் கென்டல் என்னும் அமெரிக்க வேதியியலாளர். உடலிலுள்ள சுரப்பிகளின் இரகசியத்தைத் தேடுவதிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்டவர் அவர்.

கழுத்தில் ஒரு சிறு சுரப்பி

கென்டலின் பணியை உணர, தைராய்டு சுரப்பியைப் பற்றி முதலில் அறிந்துகொள்ள வேண்டும். கழுத்தின் முன்புறத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி சிறகை விரித்தது போன்ற வடிவில் இச்சுரப்பி அமைந்துள்ளது. இது சுரக்கும் நீரை ஹார்மோன் அல்லது இயக்குநீர் என்பர். உடலிலுள்ள உயிரணுக்கள் எவ்வளவு விரைவாக ஆற்றலைச் செலவிட வேண்டும் என்பதை அதுவே நெறிப்படுத்துகிறது. அது குறைந்தால் உடலின் எல்லா வேலைகளும் மந்தமாகும். தீராத களைப்பு, எடை கூடுதல், குளிர் தாங்காமை, மலச்சிக்கல், முகவீக்கம், மறதி ஆகியவை மெல்ல மெல்லத் தலைகாட்டும். நோய் முற்றினால் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை இந்நோய்க்கு மருந்து இல்லை. 1891ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நியூகாசல் நகரைச் சேர்ந்த ஜார்ஜ் மர்ரே என்னும் இளம் மருத்துவர் ஒரு புதிய முயற்சியில் இறங்கினார். ஆட்டின் தைராய்டு சுரப்பியிலிருந்து சாற்றை எடுத்து, இந்நோயால் வாடிய 46 வயதுப் பெண்மணி ஒருவருக்கு ஊசி வழியாகச் செலுத்தினார். சில மாதங்களில் அவர் தேறினார். பின்னர் அச்சாற்றை வாய்வழியே உட்கொண்டு மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்து, 74ஆம் வயதில் இறந்தார். அந்த ஓர் உயிரைக் காத்து வருவதற்கு 870க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் தேவைப்பட்டன.

சாறு பயன் தந்தது. ஆயினும், அச்சாற்றில் நோயைத் தீர்க்கும் பொருள் எது என்பதை எவரும் அறியவில்லை. ஒரு புட்டிச் சாறு வீரியமாக இருக்கும். மறு புட்டி வலுவற்றதாக இருக்கும். அளவு குறைந்தால் பயன் இல்லை. கூடினால் இதயம் படபடக்கும். எனவே, அப்பொருளைத் தனியே பிரித்தெடுத்து, எடைபோட்டுக் கொடுக்கும் வழியை யாரேனும் காண வேண்டியிருந்தது.

இளமையும் கல்வியும்

எட்வர்டு கென்டல் 1886ஆம் ஆண்டு மார்ச் திங்கள் 8ஆம் நாள், அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்திலுள்ள தென் நோர்வாக் என்னும் ஊரில் பிறந்தார். அவருடைய தந்தையார் ஒரு பல் மருத்துவர். பள்ளிப் படிப்பை முடித்த கென்டல், நியூயார்க் நகரிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வேதியியல் பயின்றார். 1908இல் இளங்கலைப் பட்டமும் 1909இல் முதுகலைப் பட்டமும் 1910இல் முனைவர் பட்டமும் பெற்றார்.

முனைவர் பட்டத்திற்காக அவர் ஆராய்ந்தது, கணையத்தில் சுரந்து மாவுப்பொருளைச் செரிக்க வைக்கும் ஒரு நொதியைப் பற்றியாகும். இரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலினும் அதே கணையத்தில்தான் சுரக்கிறது. ஆனால், அந்நாளில் இன்சுலின் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. கனடாவில் பேண்டிங், பெஸ்ட் ஆகியோரின் ஆய்வுகளால் 1921ஆம் ஆண்டில்தான் அது வெளிப்பட்டது.

பட்டம் பெற்ற கையோடு, 1910இல் டெட்ராய்ட் நகரிலிருந்த ஒரு மருந்து நிறுவனத்தில் கென்டல் வேலையில் சேர்ந்தார். தைராய்டு சுரப்பியின் செயற்பொருளைப் பிரித்தெடுக்கும் பணி அங்கேதான் அவரிடம் முதன்முதலாக ஒப்படைக்கப்பட்டது. வேலை பிடித்திருந்தது, தொழிற்கூடச் சூழல்தான் அவருக்கு ஒத்துவரவில்லை. சில மாதங்களிலேயே வேலையை விட்டு நியூயார்க் திரும்பினார். ஆனால், தைராய்டைப் பற்றிய கேள்வி அவரை விட்டு அகலவில்லை. 1911இல் அந்நகரின் செயின்ட் லூக் மருத்துவமனையில் சேர்ந்து, அங்கேயே அந்த ஆய்வைத் தொடர்ந்தார்.

1914ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மின்னசோட்டா மாநிலத்து ரோச்செஸ்டர் நகரில் இருந்த மேயோ மருத்துவ நிலையம் அவரை ஏற்றுக்கொண்டது. அவ்வாய்ப்பு அவருக்கு மிகவும் பொருத்தமாக அமைந்தது. கடலிலிருந்து நெடுந்தொலைவிலுள்ள அப்பகுதியின் மண்ணில் அயோடின் சத்து குறைவு. அதனால் கழுத்துக்கழலை என்னும் தைராய்டு வீக்கம் அங்கு மக்களிடையே பரவலாகக் காணப்பட்டது. கழலையை அறுவை செய்து நீக்குவதில் அந்நிலையத்தின் மருத்துவர்கள் பெயர் பெற்றிருந்தனர். நோயாளிகளும் இருந்தனர், நோயை அறிந்த மருத்துவர்களும் இருந்தனர், ஆய்வுக்கூடமும் கிடைத்தது.

அயோடினைப் பின்தொடர்ந்து

கென்டலுக்கு ஒரே ஒரு தடயம் இருந்தது. 1895இல் பௌமன் என்னும் ஜெர்மானிய அறிஞர் தைராய்டு சுரப்பியில் அயோடின் இருப்பதைக் கண்டறிந்திருந்தார். அதற்கு முன், உடலின் எப்பகுதியிலும் அயோடின் ஓர் உறுப்பாக அமைந்திருப்பது நிறுவப்படவில்லை. அயோடின் எங்கே மிகுதியாகச் சேர்கிறதோ, அங்கேதான் செயற்பொருளும் இருக்க வேண்டும் எனக் கென்டல் முடிவு செய்தார். ஆகவே, சாற்றைப் பல பகுதிகளாகப் பிரிப்பதும், ஒவ்வொரு பகுதியிலும் அயோடின் எவ்வளவு உள்ளது என அளப்பதும், மிகுதியுள்ள பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு மீண்டும் பிரிப்பதும் அவருடைய அன்றாட வேலையாயின.

இதனை நம் தோட்டத்து ஆலையில் நடந்த வேலையோடு ஒப்பிட்டு விளங்கிக்கொள்ளலாம். மரத்திலிருந்து வடியும் பாலில் பெரும்பகுதி நீரே. அதனுடன் ஃபார்மிக் அமிலத்தை அளவாகச் சேர்த்தால் ரப்பர் கட்டியாகத் திரண்டு, நீரிலிருந்து பிரிந்து நிற்கும். கென்டலும் அவ்வாறே செய்தார். இறைச்சிக் கூடங்களிலிருந்து தருவிக்கப்பட்ட பன்றியின் தைராய்டு சுரப்பிகளைக் காரக் கரைசலில் கொதிக்க வைத்துக் கரைத்தார். பின்னர் அமிலம் சேர்த்தார். அமிலத்தில் கரையாமல் திரண்ட பகுதியில்தான் அவர் தேடிய பொருள் இருந்தது. ஆனால், ரப்பர்ப் பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ரப்பர் கிடைக்கும். தைராய்டு சுரப்பியிலோ, பின்னாளில் அவர் கண்ட கணக்கின்படி, ஏறக்குறைய தொண்ணூறாயிரத்தில் ஒரு பங்குதான் கிடைத்தது.

கிறிஸ்துமஸ் நாளில்

1914ஆம் ஆண்டு டிசம்பர் திங்கள். கிறிஸ்துமஸ் நெருங்கிக்கொண்டிருந்தது. கென்டல் ஆய்வுக்கூடத்திலேயே இருந்தார். சாற்றின் மிகத் தூய பகுதியை எரிசாராயத்தில் கரைத்து, அச்சாராயத்தை மெல்ல ஆவியாக்கிக்கொண்டிருந்தார். பல நாள் உழைப்பின் களைப்பில் அமர்ந்த இடத்திலேயே கண்ணயர்ந்துவிட்டார். விழித்தபோது சாராயம் முழுதும் ஆவியாகிப் போயிருந்தது. கலத்தின் அடியில் வெண்ணிற ஏடு ஒன்று படிந்திருந்தது.

வேலை கெட்டுவிட்டது என்று அதைக் கழுவி ஊற்றியிருக்கலாம். கென்டல் அவ்வாறு செய்யவில்லை. அவ்வெண்மையான பொருளை எடுத்துச் சோதித்தார். அதில் அயோடின் மிகுதியாக இருந்தது. அதை மீண்டும் கரைத்துத் தூய்மைப்படுத்தினார். டிசம்பர் 25ஆம் நாள் அவருக்குத் தூய படிகங்கள் கிடைத்தன. அவற்றின் எடையில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு அயோடினாகவே இருந்தது. அப்பொழுது அவருக்கு வயது 28.

தூக்கத்தில் வந்த பேறு என இதனைச் சிலர் கருதலாம். உண்மை அதுவன்று. கலத்தின் அடியில் படிந்த ஏட்டைக் கண்டவுடன் அதன் மதிப்பை உணர்வதற்கு, அவர் அதற்கு முன் நான்கு ஆண்டுகள் உழைத்திருந்தார். உழைத்தவன் கண்ணுக்குத்தான் அந்த வெண்மை தெரிந்தது.

படிகம் கிடைத்தாலும் அது மிகச் சிறிதளவே. நோயாளிகளுக்குக் கொடுக்கவும் ஆராயவும் போதுமான அளவு வேண்டுமே! கென்டலும் அவருடைய உதவியாளர்களும் அடுத்த சில ஆண்டுகளில் ஏறக்குறைய மூன்று டன் பன்றித் தைராய்டு சுரப்பிகளைப் பதப்படுத்தினர். ஒரு லாரியே சுமக்கத்தக்க அச்சுமையிலிருந்து இறுதியில் அவர்கள் கையில் எஞ்சியது 33 கிராம் தூள் மட்டுமே. ஆயினும், நாளொன்றுக்கு 100 மைக்ரோகிராம் என்னும் இன்றைய மாத்திரைக் கணக்கில், 33 கிராம் என்பது ஏறக்குறைய 900 பேருக்கு ஓராண்டுக்குப் போதுமான மருந்தாகும்.

திருத்தப்பட்ட கண்டுபிடிப்பு

தாம் கண்ட பொருளுக்குக் கென்டல் தைராக்சின் எனப் பெயரிட்டார். அது இன்டோல் என்னும் வேதியமைப்பைக் கொண்டது என்றும், அதில் மூன்று அயோடின் அணுக்கள் உள்ளன என்றும் அவர் கருதினார். அப்பெயரும் அக்கருத்திலிருந்தே பிறந்தது. ஆய்வுக்கூடத்தில் அதனைச் செயற்கையாக உருவாக்க அவர் பல ஆண்டுகள் முயன்றார். ஒவ்வொரு முயற்சியும் தோற்றது. முயற்சியில் குறை இல்லை. அடிப்படைக் கருத்திலேயே பிழை இருந்தது.

அப்பிழையை வேறொருவர் கண்டுபிடித்தார். 1926ஆம் ஆண்டில் இலண்டன் நகரின் சார்லஸ் ஹாரிங்டன் என்னும் இளம் வேதியியலாளர், தைராக்சினின் உண்மையான அமைப்பை வெளியிட்டார். அது இன்டோல் அன்று. நாம் உண்ணும் புரதத்தில் உள்ள டைரோசின் என்னும் அமினோ அமிலத்தோடு தொடர்புடையது. அதிலுள்ள அயோடின் அணுக்கள் மூன்று அல்ல, நான்கு. அடுத்த ஆண்டே அவர் ஜார்ஜ் பார்ஜர் என்பாருடன் சேர்ந்து தைராக்சினைச் செயற்கையாகத் தயாரித்துக் காட்டினார். விலங்குகளின் சுரப்பியை நம்பியிராமல் மருந்து செய்யும் வழி அதனால் திறந்தது.

பன்னிரண்டு ஆண்டுகள் தம்முடைய பொருளாக இருந்த ஒன்றின் உருவத்தைப் பிறர் வரைந்து காட்டியதை எண்ணிக் கென்டல் முடங்கிவிடவில்லை. அவருடைய பிழையான அமைப்பு மறைந்தது. அவர் வைத்த பெயர் நிலைத்தது. அவர் பிரித்தெடுத்த பொருள் நோயாளிகளைத் தொடர்ந்து காத்தது. அவர் தம் கவனத்தைக் குளுட்டாதியோன் என்னும் வேறொரு பொருளின் பக்கம் திருப்பினார். அது இரண்டு அமினோ அமிலங்களால் ஆனது என அறிஞர்கள் கருதியிருந்தனர். அது மூன்றால் ஆனது என்பது 1929இல் உறுதியானது. அதை நிறுவியவர்களுள் கென்டலும் ஒருவர். முன்பு பிறரால் திருத்தப்பட்டவர், இப்பொழுது பிறருடைய கருத்தைத் திருத்த உதவினார். அறிவியல் வளர்வது இவ்வாறுதான்.

இரண்டாவது தேடல்

1930ஆம் ஆண்டுகளில் கென்டல் வேறொரு சுரப்பியை ஆராயத் தொடங்கினார். இரண்டு சிறுநீரகங்களின் மேலும் தொப்பி போல் அமர்ந்துள்ள அட்ரினல் சுரப்பியே அது. அதன் புறப்பகுதி பழுதுபட்டால் மனிதர் உயிர்வாழ முடியாது. ஆனால், அங்கு சுரக்கும் பொருள் எது என்பது அப்பொழுது தெரியாது. மாட்டின் அட்ரினல் சுரப்பிகளை டன் கணக்கில் பெற்று, முன்பு போலவே பொறுமையாகப் பிரித்தார். இம்முறை ஒன்றல்ல, பல பொருள்கள் கிடைத்தன. அவற்றுக்கு ஏ, பி, இ, எஃப் என எழுத்துகளால் பெயரிட்டார். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் டாடியஸ் ரைக்ஸ்டைன் என்பாரும் அதே தேடலில் ஈடுபட்டிருந்தார்.

இவற்றுள் இ என்னும் பொருளைச் சுரப்பியிலிருந்து எடுத்தால் மிகச் சிறிதளவே கிடைக்கும். ஆகவே, மாட்டின் பித்தநீரிலுள்ள ஓர் அமிலத்தைத் தொடக்கமாகக் கொண்டு, முப்பதுக்கும் மேற்பட்ட படிகளில் அதனைச் செயற்கையாக உருவாக்கினர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தொடங்கிய அப்பணிக்குப் பல ஆய்வாளர்கள் கைகொடுத்தனர்.

மேயோ நிலையத்தில் பிலிப் ஹென்ச் என்னும் மருத்துவர் இருந்தார். முடக்குவாத நோயாளிகளுக்கு மஞ்சள் காமாலை வந்தாலோ, பெண் நோயாளிகள் கருவுற்றாலோ, மூட்டு வலி தானாகவே தணிவதை அவர் கண்டிருந்தார். உடலே சுரக்கும் ஏதோ ஒரு பொருள்தான் அதற்குக் காரணம் என அவர் நம்பினார். அது பற்றி அவரும் கென்டலும் பல ஆண்டுகள் உரையாடினர். 1948ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள், முடக்குவாதத்தால் நகர முடியாமல் கிடந்த 29 வயதுப் பெண்மணி ஒருவருக்கு இ என்னும் அப்பொருளை ஊசி வழியாகச் செலுத்தினர். ஒரு வாரத்திற்குள் அவர் எழுந்து நடந்து, கடைவீதிக்கும் சென்று வந்தார். அப்பொருள் கார்ட்டிசோன் எனப் பெயர் பெற்றது.

1950ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபல் பரிசு கென்டல், ஹென்ச், ரைக்ஸ்டைன் ஆகிய மூவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. அப்பரிசு தைராக்சினுக்காக அன்று; அட்ரினல் ஆய்வுக்காகவே வழங்கப்பட்டது. எனினும், 28ஆம் வயதில் தைராய்டைப் பிரித்துப் பழகிய கைகள்தாம் பிற்காலத்தில் அட்ரினலையும் பிரித்தன.

1951இல், 65ஆம் வயதில், கென்டல் மேயோ நிலையத்திலிருந்து ஓய்வு பெற்றார். ஆய்வுக்கு மட்டும் அவர் ஓய்வு கொடுக்கவில்லை. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் வருகைப் பேராசிரியராகச் சேர்ந்து, மேலும் இருபது ஆண்டுகள் ஆய்வுக்கூடத்திற்குச் சென்றுவந்தார். ஹார்மோன்களைத் தேடிய தம் வாழ்க்கையை 1971இல் நூலாக எழுதி வெளியிட்டார். 1972ஆம் ஆண்டு மே திங்கள் 4ஆம் நாள், தமது 86ஆம் வயதில் காலமானார்.

இரண்டு நோய், ஓர் உடல்

கென்டல் தந்த தைராக்சின், நீரிழிவு உள்ளவருக்கு ஏன் தனிக் கவனத்துடன் கொடுக்கப்படுகிறது? ஈப்போ கிளினிக்கில் காத்திருக்கும் பாட்டியின் மருந்துப் பைக்கு மீண்டும் வருவோம்.

தைராய்டு குறைபாட்டின் முதல் அடையாளம் களைப்பு. நீரிழிவு கட்டுப்பாட்டில் இல்லாதவரும் களைத்திருப்பார். வயது ஏறினாலும் களைப்பு வரும். எனவே, பாட்டி எந்நேரமும் படுத்தே கிடந்தால், வீட்டார் அதனை முதுமை என்றோ இனிப்புநீர் என்றோ சொல்லி விட்டுவிடக்கூடும். சோம்பல் எனக் கடிந்துகொள்வாரும் உண்டு. உண்மையில் அவருடைய தைராய்டு மெல்ல ஓய்ந்துகொண்டிருக்கலாம். ஓர் இரத்தப் பரிசோதனை அதைக் காட்டிவிடும். இதைத் தெரியாமல் விட்டால் கெட்ட கொழுப்பும் கூடும். நீரிழிவால் முன்னமே இதய நோய்க்கு ஆளாகும் வாய்ப்புள்ளவருக்கு அது மேலும் ஓர் ஆபத்து.

தைராய்டுக்கும் சர்க்கரைக்கும் நேரடித் தொடர்பும் உண்டு. தைராய்டு குறைந்திருக்கும்போது, கல்லீரல் இரத்தத்தில் விடும் சர்க்கரை குறைகிறது. உடலிலுள்ள இன்சுலினும் மெதுவாகவே சிதைவதால், அதன் வேலை நீடிக்கிறது. ஆகையால் நீரிழிவு மருந்து உண்பவர் சிலருக்கு எதிர்பாராமல் சர்க்கரை தாழ்ந்துவிடலாம். பின்னர் தைராக்சின் மாத்திரையைத் தொடங்கியதும் நிலைமை மாறுகிறது. உடலின் வேகம் கூடுகிறது. சர்க்கரையும் சற்று ஏறலாம். அப்பொழுது நீரிழிவு மருந்தின் அளவையும் மருத்துவர் மாற்ற வேண்டியிருக்கும். மாத்திரை சேரவில்லை என எண்ணி அதை நிறுத்திவிடுவது தவறு. வீட்டிலேயே சர்க்கரையை அளந்து குறித்துவைத்து, அக்குறிப்பை மருத்துவரிடம் காட்டுவதே முறை.

தைராக்சின் மெதுவாக வேலை செய்யும் மருந்து. அதன் அளவு சரிதானா என்பதை அறிய ஆறு முதல் எட்டு வாரங்கள் கழித்துத்தான் மீண்டும் இரத்தம் எடுத்துப் பார்ப்பர். முதியோருக்கும் இதய நோய் உள்ளோருக்கும் மிகக் குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்துவர். திடீரெனக் கூட்டினால் இதயம் தாங்காது. அளவு மிகுந்துவிட்டாலோ படபடப்பும் எடை இழப்பும் சர்க்கரை ஏற்றமும் உண்டாகும்.

உண்ணும் நேரமும் முக்கியம். காலை உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரத்திற்கு முன் வெறும் தண்ணீருடன் விழுங்க வேண்டும். காப்பியோடு விழுங்கினால் மருந்து குடலில் சரியாக ஏறாது. இரும்புச்சத்து மாத்திரையையும் சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும் நான்கு மணி நேரம் தள்ளியே உண்ண வேண்டும். அதற்காகக் காலைச் சாப்பாட்டைத் தவிர்த்துவிடவும் கூடாது. நீரிழிவு மருந்தை உண்டுவிட்டு உணவைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். ஆகவே, எதை முதலில், எதை உணவோடு என்னும் ஒழுங்கு வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படும் முதியோருக்கு, மருந்து உறையில் காலை, மாலை என எழுதிப் பிரித்துவைப்பது, பள்ளியில் படிக்கும் பேரப்பிள்ளைகள் எளிதாகச் செய்யக்கூடிய உதவியாகும்.

கென்டலின் இரண்டாவது மருந்துக்கும் சர்க்கரையோடு உறவுண்டு. கார்ட்டிசோன் வகை மருந்துகள் இரத்தச் சர்க்கரையை உயர்த்தும் இயல்புடையவை. மூட்டுவலிக்கோ மூச்சுத்திணறலுக்கோ அவற்றைக் கொடுக்கும் மருத்துவரிடம், தமக்கு நீரிழிவு உண்டு என்பதை நோயாளி மறக்காமல் சொல்ல வேண்டும். கென்டல் ஒவ்வொரு சுரப்பியையும் தனித்தனியே பிரித்து ஆராய்ந்தார். ஆனால், உடலுக்குள் அவை தனித்தனியே இயங்குவதில்லை. தைராய்டும் கணையமும் அட்ரினலும் ஒரே குடும்பத்தின் பிள்ளைகளைப் போன்றவை. ஒன்றின் நிலை மாறினால் மற்றவற்றின் பொறுப்பும் மாறுகிறது.

நிலைத்த பயன்

அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பது நம் பழமொழி. மூன்று டன் சுரப்பியிலிருந்து 33 கிராம் மருந்தை எடுத்தவரின் வாழ்க்கை அதற்குத் தக்க சான்று. கென்டல் தம் கண்டுபிடிப்பின் அமைப்பைப் பிழையாக வரைந்தார். அதை ஹாரிங்டன் திருத்தினார். பின்வந்தோர் அதனை மாத்திரையாக்கினர். எந்த அளவு, எந்த நேரம், எந்நோயாளிக்கு என்பதை மருத்துவர்கள் பல ஆண்டுகள் கவனித்துத் தெளிந்தனர். மர்ரேயின் நாளில் ஒரு பெண்மணி உயிர்வாழ 870க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் வேண்டியிருந்தன. இன்று நாளுக்கு ஒரு சிறு மாத்திரை போதும்.

அச்சிறு மாத்திரையால், ஒரு காலத்தில் பால்மரம் சீவிப் பிள்ளைகளை வளர்த்த பாட்டி காலையில் எழுந்து வாசல் கூட்டுகிறார், சந்தைக்குப் போகிறார், கோவிலுக்கு நடக்கிறார். அவர் கென்டலின் பெயரைக் கேள்விப்பட்டிருக்கமாட்டார். ஆயினும், ஆய்வுக்கூடத்தில் கண்ணயர்ந்து எழுந்த ஓர் இளைஞர், கலத்தின் அடியில் படிந்ததைக் கழுவிக் கொட்டாமல் எடுத்துப் பார்த்ததன் பயனை அவர் நாள்தோறும் பெறுகிறார்.